நோயாளர் பணியிற் கூட்டு முயற்சி

நம் கல்லூரி சென்னை நகரை விட்டுத் தாம்பரத்திற் குடியேறிய 1937ஆம் ஆண்டிலேயே, அண்மையிலுள்ள க்ஷயரோக ஆரோக்கிய நிலையமும் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1928இல் அதனை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய நிலையத்திலேதான் கணித மேதை இராமாநுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார் என்பது நம் கணித மாணவர் அறியத்தக்கது.

அந்நாளில் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியவையே சிகிச்சை. ஆதலின் தாதி காய்ச்சலை அளந்து ஏட்டிற் குறித்தாலன்றி, நோயாளியை எழுந்து நடக்க விடலாமா என்பதை மருத்துவர் துணிய இயலாது. சமையற்காரர் வேளை தவறினும் சிகிச்சையே தவறியதாகும்.

மருந்துகள் தோன்றியபின் இக்கூட்டுப் பணி மதிலுக்கு வெளியேயும் பரவிற்று. 1956இற் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்து மருந்துண்பவரும் நிலையத்திலிருப்பவரைப் போலவே குணமடையக் கூடும் என்று காட்டியது. எனினும் அது தானே நிகழ்ந்ததன்று. சுகாதாரப் பணியாளர் எதிர்பாராத வேளையில் வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரையும் சோதனைக்குக் கொணர்ந்தனர்.

பிற இடங்களில் தீண்டவும் அஞ்சப்பட்ட எய்ட்ஸ் நோயாளர்க்குத் தாம்பரம் இடமளித்தபோது இம்முறை பின்னும் நுட்பமாக வேண்டியதாயிற்று. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் இந்தியாவில் எட்டு மருத்துவமனைகளில் இதற்கு இலவச மருந்து தொடங்கியது; அவற்றுள் இதுவும் ஒன்று. மருந்தை நாடோறும் உண்ணாவிடிற் கிருமி அதற்குப் பணியாது. ஆகவே ஒவ்வொருவர்க்கும் ஒரு வெள்ளை அட்டை நிலையத்தில் இருக்கும். பச்சைப் புத்தகம் ஒன்று அவர் கையில் இருக்கும். மருத்துவர், ஆலோசகர், ஆய்வுக்கூடத்தார், மருந்தாளர் ஆகிய யாவரும் காண்பதும் எழுதுவதும் இவற்றிலேயே.

மருந்தாளர் மாத்திரைகளை எண்ணுகையில் பத்து மிகுந்திருக்கக் காண்கிறார் என்று கொள்வோம். வாளா அடுத்த மாதத்திற்குரியதைக் கொடுத்தனுப்பின், அச்செய்தி அவருடனேயே நின்றுவிடும். நோயாளியை ஆலோசகரிடம் திருப்பினால் காரணம் வெளிப்படும்: இரவு வேலையாக இருக்கலாம், மாமியார்க்குத் தெரியாமல் மருந்தை ஒளித்துவைக்கும் அச்சமாக இருக்கலாம். பிறகு மருத்துவர் அதற்கேற்ப வேளையை மாற்றுவார். இங்ஙனம் திருப்பியனுப்பும் துணிவு பதவியிற் சிறியவர்க்கும் இருத்தல் வேண்டும். 'பெரியவர் எழுதியதை நான் தடுப்பதா?' என்று ஊழியர் தயங்கும் மருத்துவமனையில் ஏடுகள் எத்துணை இருந்தும் பயன் சிறிதே.

குறித்த நாளில் வாராதார் பெயர்களைப் பதிவாளர் பிரித்தெடுப்பார். களப் பணியாளர் அவர்தம் வீடு தேடிச் செல்வார். சென்றவர், திண்ணையில் அமர்ந்திருப்போர் செவியில் நோயின் பெயர் விழாதவாறு, 'உறவினர் நண்பர்' என்பதுபோல் நலம் வினவித் திரும்புதல் வேண்டும்.