ஞாயிற்றின் உள்ளொலி

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாகலூர்ப் பகுதியில் கருங்கல் வேலை செய்வோர், ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்குமுன் அதனைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலித்தால் அது குறையற்ற கல். ஒலி மழுங்கினால் உள்ளே வெடிப்பு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத உட்குறையைச் செவி உணர்த்திவிடுகின்றது. அறிஞர்கள் ஞாயிற்றின் உட்புறத்தை அறிந்ததும் இத்தகையதொரு முறையாலேயே என்றால் வியப்பன்றோ?

ஞாயிறு ஒரு பெரிய வளிப்பிழம்பு. அதன் மேற்பரப்பினின்று வரும் ஒளியே நம் கண்ணை எட்டும். அதன் ஆழத்தை எந்தத் தொலைநோக்கியும் ஊடுருவிக் காணாது. ஆயினும், மேற்பரப்பின் அசைவை அளத்தல் கூடும். ஒளிவிடும் பொருள் நம்மை நோக்கி வருங்கால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகிச் செல்லுங்கால் சிவப்புப் பக்கமாகவும் சற்றே நகரும். இந்நகர்ச்சியைக் கொண்டே, நம் கோடைக்கானல் வானாய்வகத்தில் 1909-ஆம் ஆண்டு எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 1960-இல் அமெரிக்க அறிஞர் லெய்ட்டன், இந்நகர்ச்சியை அளந்தே, ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து தாழ்வதைக் கண்டார்.

இவ்வதிர்வின் காரணம் பின்னரே விளங்கிற்று. மேற்புறத்தில் கொதித்துப் புரளும் வளி ஒலியலைகளை எழுப்புகின்றது. அவை வெளியேற இயலாமல் ஞாயிற்றினுள்ளேயே உலவுகின்றன. வெப்பம் மிகுந்த வளியில் ஒலி விரைந்து செல்லும். சில அலைகள் மேற்பரப்பை ஒட்டியே திரும்பும். சில நடுப்பகுதி வரை சென்று மீளும். ஆகவே, பல அலைகளின் அதிர்வுக் காலங்களை ஒப்பிட்டால், ஒவ்வோர் ஆழத்தின் நிலையும் தெளிவாகும். இரவு குறுக்கிட்டால் இவ்வளவை தடைப்படுமாதலின், உலகின் ஆறு இடங்களில் கருவிகள் அமைக்கப்பெற்று, 1995 முதல் மாறி மாறி ஞாயிற்றைக் கண்காணித்து வருகின்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டு உதயப்பூரில் உள்ளது.

இவ்வாராய்ச்சி ஒரு பெரும் வழக்கில் சான்று பகர்ந்தது. ஞாயிற்றின் நடுவே அணுக்கருக்கள் இணையும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. டேவிஸ் என்பார் நிலத்தடிச் சுரங்கத்தில் செய்த சோதனையில், கணக்கிட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கே அகப்பட்டது. ‘ஞாயிற்றின் நடுவெப்பம் நாம் எண்ணியதினும் குறைவோ?’ எனப் பலர் ஐயுற்றனர். அதிர்வுகளோ, ஞாயிற்றைப் பற்றிய கணக்கில் பெரும்பிழை இல்லை என்று காட்டின. மும்பையில் சித்ரே, அந்தியா ஆகிய நம் அறிஞர்களும் இத்துறையில் உழைத்தனர். பின்னர், 2001, 2002-ஆம் ஆண்டுகளில், நியூட்ரினோக்கள் வரும் வழியிலேயே வகை மாறுகின்றன என்பதைக் கனடாவின் சட்பரிச் சுரங்க ஆய்வு மெய்ப்பித்தது. ஐயம் நீங்கிற்று.

ஞாயிற்றை ஒத்த விண்மீன்களும் இவ்வாறே அதிர்கின்றன. அவ்வதிர்வால் அவற்றின் ஒளி மிகச் சிறிதளவு கூடிக் குறையும். 2009-இல் விண்ணில் ஏவப்பெற்ற கெப்ளர் தொலைநோக்கி அதனை அளந்தது. அதனால் அவ்விண்மீன்களின் பருமனையும் வயதையும் கணிக்க முடிந்தது.

மாணவர்களே, கணக்கும் சோதனையும் முரண்படுங்கால் ஒன்றை உடனே பொய்யென்று தள்ளுதல் தகாது. வேறொரு சான்றைப் பொறுமையுடன் தேடுதலே அறிவுடையார் கடன்.