மீன்தொட்டி நீரில் நைட்ரேட்டை அளத்தல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதைக் கண்ணுக்கினிய பொழுதுபோக்கென்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அத்தொட்டி ஒரு சிறிய இரசாயன சாலையாகும். நீர் தெளிந்திருக்கிறது என்ற ஒன்றைக்கொண்டே அது நல்ல நீர் என்று துணிதல் கூடாது. தெளிந்த நீரிற் கரைந்து கண்ணுக்குப் புலனாகாமல் நிற்கும் பொருள்களுள் நைட்ரேட்டும் ஒன்று. அதனை அளத்தல் எளிது. பிழையற அளத்தலே அரிது. அம்முறையையும், அதனால் மீனுக்கேயன்றி மனையிலுள்ளோர்க்கும் விளையும் நன்மையையும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

நைட்ரேட் தொட்டியில் எவ்வாறு தோன்றுகிறது? மீனின் கழிவும், அது உண்ணாது விட்ட இரையும் அழுகி அம்மோனியாவைத் தருகின்றன. நீரிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வினைகளைப் புரியும் நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டி விநோகிராட்ஸ்கி என்னும் அறிஞர் தனித்துப் பிரித்துக் காட்டினார். முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டோ அவ்வளவு கொடியதன்று. ஆயினும் வடிகட்டியினால் நீங்காமல் நாடோறும் பெருகிக்கொண்டே வரும். ஆகையால் மீன் வளர்ப்போர் பலர் அதனை இலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள், இயலுமாயின் 20-க்குள், நிறுத்த முயல்கின்றனர்.

இனி அளக்கும் முறையைக் காண்போம். கடையில் விற்கும் சோதனைப் பெட்டிகள் பலவற்றிற்கும் அடிப்படையாயிருப்பது, பீட்டர் கிரீஸ் என்பார் 1879-இல் வெளியிட்ட வினையாகும். இவர் ஜெர்மனியிற் பிறந்து, இங்கிலாந்தில் ஒரு மது வடிசாலையில் இரசாயனப் புலவராய் அமர்ந்திருந்தவர். அமிலங் கலந்த நீரில் நைட்ரைட் இருப்பின், தக்க மருந்துகளோடு கூடிச் செந்நிறச் சாயமொன்றை உண்டாக்கும். நைட்ரேட் தானாக இச்சாயத்தைத் தருவதில்லை. ஆதலின் முதலில் துத்தநாகப் பொடி போன்றதொரு பொருளால் அதனை நைட்ரைட்டாக மாற்றி, அதன்பின் தோன்றும் நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிடுகின்றனர்.

பிழைகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே புகுகின்றன. துத்தநாகப் பொடி கரையாது அடியிற் படிவது. புட்டியை நன்றாகக் குலுக்காமல் துளிகளை விட்டால், மேலிருக்கும் தெளிவு மாத்திரமே குழாயில் விழும், நிறம் வெளிறும், நைட்ரேட் மிகுந்த நீரும் குறைந்ததுபோல் தோன்றும். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறும். ஆகவே நேர்குத்தாய்ப் பிடித்தல் வேண்டும். குறித்த நிமிடத்திற்கு முன்னும் பின்னும் நிறத்தைப் பார்த்தல் தவறு. விளக்கொளியிற் பாராமல், பகலொளியில் வெள்ளைத் தாளின்முன் வைத்துப் பார்த்தல் நன்று. நைட்ரைட்டும் அதே சாயத்தைத் தருவதால், புதிதாக அமைத்த தொட்டியில் முதலில் நைட்ரைட்டைத் தனியே சோதித்தல் வேண்டும். அஃது இருப்பின் நைட்ரேட்டின் அளவு பொய்யாக மிகும். நிறம் மிகவும் சிவந்து, 80 எதுவோ 160 எதுவோ என்று கண் மயங்குமாயின், தொட்டி நீர் ஒரு பங்குடன் வாலை நீர் மூன்று பங்கு சேர்த்துச் சோதித்து, வந்த எண்ணை நான்கால் பெருக்குக.

அலகினாலும் ஒரு மயக்கம் உண்டு. சில பெட்டிகள் நைட்ரேட்டின் முழு எடையைக் கூறும். சில அதிலுள்ள நைட்ரஜனை மாத்திரம் கூறும். நைட்ரேட்டின் எடை 62. அதில் நைட்ரஜன் 14. ஆகவே பின்னைய எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் முன்னையது கிடைக்கும். நைட்ரஜன் 10 என்பதும் நைட்ரேட் 44 என்பதும் ஏறக்குறைய ஒன்றே.

இவ்வளவும் செய்தபின் கிடைத்த எண்ணை நம்பலாமோ? பொற்கொல்லன் பொன்னை உரைகல்லில் தேய்த்த மாத்திரத்தில் மாற்றுக் கூறுவதில்லை. மாற்றறிந்த உரையாணியையும் அருகில் உரைத்து, இரண்டையும் ஒப்பிட்டே கூறுவான். நமக்கும் அத்தகைய உரையாணி ஒன்று வேண்டும். கல்லூரிச் சோதனைச் சாலையில் அது அரிதன்று. ஈரமற உலர்த்திய தூய வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 1.63 கிராம் நிறுத்து வாலை நீரிற் கரைத்து ஓர் இலிட்டராக்குக. அதில் நைட்ரேட் 1,000 மில்லிகிராம் இருக்கும். அதிலிருந்து 20 மில்லிலிட்டர் எடுத்து மீண்டும் ஓர் இலிட்டராக்கினால் 20 என்னும் அளவும், 40 மில்லிலிட்டர் எடுத்தால் 40 என்னும் அளவும் அமையும். வெறும் வாலை நீரையும், இவ்விரண்டையும், தொட்டி நீரையும் ஒரே வேளையில் சோதித்தல் வேண்டும். வாலை நீர் சிவந்தால் குழாய் அழுக்குடையது, அல்லது மருந்து கெட்டது. 40 என்று நாமே கலந்த நீர் 10 என்று காட்டுமாயின், குற்றம் நீரிலில்லை. மருந்திலோ நம் கையிலோ உள்ளது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். செங்கோட்டையில் ஒரு மாணவர் தம் வீட்டுக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பி மீன் வளர்க்கிறார் எனக் கொள்வோம். தொட்டியில் நைட்ரேட் 80. அவர் வாரந்தோறும் பாதி நீரை இறைத்துக் கிணற்று நீரை ஊற்றுகிறார். கிணற்று நீரிலேயே 40 இருக்குமாயின், இடையிற் சேர்வதைக் கருதாவிடினும், முதல் முறை 60, அடுத்து 50, பின்னர் 45 என்றே குறையும். எத்தனை முறை மாற்றினும் 40-க்குக் கீழ் இறங்காது. தொட்டியை மாத்திரம் அளந்தவர் மீனையும் இரையையும் நொந்துகொள்வார். கிணற்றையும் அளந்தவரே காரணம் அறிவார். குற்றாலச் சாரற் காலத்தில், கூரையைக் கழுவிய முதல் மழையை விலக்கிச் சேர்த்த மழைநீரை அளந்து பார்த்து, அதில் நைட்ரேட் இல்லையெனக் கண்டு, கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால், ஊற்றும் நீரின் அளவு 20 ஆகும்.

கிணற்றுக்கு நைட்ரேட் எங்கிருந்து வந்தது? வயலில் இட்ட யூரியாவும், மாட்டுத் தொழுவின் கழிவும், மலக்குழியின் கசிவும் மண்ணில் அதே நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகின்றன. மண் அதனைப் பற்றி நிறுத்துவதில்லை; மழைநீரோடு அது கீழிறங்கி ஊற்றிற் கலக்கும். இங்கேதான் பொழுதுபோக்கு பொறுப்பாக மாறுகிறது. அமெரிக்காவின் அயோவா நாட்டுப்புறத்தில் கிணற்று நீரிற் கலந்த பாலுணவை உண்ட கைக்குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து நோயுற்றதையும், அதற்கு நைட்ரேட்டே காரணமென்பதையும் 1945-இல் காம்லி என்னும் மருத்துவர் எழுதி வெளிப்படுத்தினார். குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அந்நோய். ஆறு மாதத்திற்குட்பட்ட குழவிகளை அது எளிதிற் பற்றும். இந்தியக் குடிநீர்த் தரம் இலிட்டருக்கு 45 மில்லிகிராமை எல்லையாக வகுத்துள்ளது. காய்ச்சினால் நஞ்சு நீங்குமென்று கருதுதல் பெரும்பிழை. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் நைட்ரேட் செறிந்து மிகும்.

ஆகவே வீட்டுக் கிணற்று நீர் அவ்வெல்லையை அணுகுவதாகத் தோன்றினால், நமது குழாயின் நிறத்தையே முடிந்த முடிபாகக் கொள்ளாமல், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீராய்வுக் கூடத்திற் கொடுத்துச் சோதித்தல் தகும். முடிவு தெரியும்வரை கைக்குழந்தைக்கு அந்நீரைக் கொடாதிருத்தல் அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! எண் ஒன்று கையிற் கிடைத்தவுடன் அதனை உண்மையென்று ஏற்றல் கல்வியாகாது. அறிந்ததொன்றைக் கொண்டு அறியாததை ஒப்பிட்டு நோக்குதலே கல்வி. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வெடியுப்புக் கரைசல் ஒரு சிறு புட்டியும் சோதனைப் பெட்டியும் உடன் கொண்டு செல்லுங்கள். முதலில் மீன்தொட்டியை அளவுங்கள். அதன்பின், கைக்குழந்தையுள்ள அயல்வீட்டாரின் கிணற்றையும் மறவாது அளவுங்கள்.