நம்ம கோயில் நிலம் யார் கையில்?



எங்கள் கிளையின் தேவார வகுப்பு ஒரு பழைய தோட்டத்துக் கோயிலில் நடக்கிறது. கோயிலுக்கு நிலப் பட்டா கிடையாது. 2 வருடங்களுக்கு முன்பு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மகஜர் கொடுத்தோம். படம் எடுத்து முகநூலிலும் போட்டாச்சு. 4 மாதம் பதிலே இல்லை. மறுபடி போய்க் கேட்டபோது அங்கிருந்த அக்கா சொன்னார்: "தம்பி, நிலம் மாநிலத்து விஷயம். நிலப் பணிமனைக்குப் போனீங்களா?"

நாங்கள் போகவே இல்லை. அன்றுதான் கூட்டாட்சி என்பது பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பாடம் இல்லை என்று புரிந்தது.

மலேசியா 13 மாநிலங்களும் 3 கூட்டரசுப் பிரதேசங்களும் சேர்ந்த கூட்டரசு. எந்த அதிகாரம் யாருக்கு என்பதை நம் அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. தற்காப்பு, கல்வி, குடியுரிமை போன்றவை மத்திய அரசின் பட்டியல். நிலம், ஊராட்சி, இடுகாடு, சுடுகாடு, மாநில விடுமுறை ஆகியவை மாநிலப் பட்டியல். சமூகநலம், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல் போன்றவை இருவருக்கும் பொது. சபா, சரவாக்கிற்குக் கூடுதல் பட்டியல்களும் உண்டு.

தைப்பூசத்தையே பாருங்கள். பினாங்கு, பேராக், சிலாங்கூரில் பொது விடுமுறை. கிளந்தானில் இல்லை. காரணம், மாநில விடுமுறையை மாநிலம்தான் முடிவு செய்கிறது. கோலாலம்பூர் மத்திய அரசின் கீழ் இருப்பதால், 2008-இல் அங்கே விடுமுறை கொடுத்தது மத்திய அரசு.

இப்போது நம்ம கோயிலுக்கு வருவோம். ஒரே கோயில், ஆனால் 3 கதவு தட்ட வேண்டும்:

1. கோயில் நிர்வாகத்தைச் சங்கமாகப் பதிவு செய்ய: சங்கப் பதிவிலாகா. இது மத்திய அரசு.
2. நிலத்துக்கு: மாவட்ட நிலப் பணிமனையில் மனு. முடிவு மாநில அரசின் கையில். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டதுதான். ஆனாலும் நிலம் கொடுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கே.
3. மண்டபம் கட்ட, வரைபட அனுமதிக்கு: நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். இது ஊராட்சி.

தமிழ்ப்பள்ளியும் இப்படித்தான். ஆசிரியரை அனுப்புவது மத்திய கல்வி அமைச்சு. புதிய பள்ளிக்கு அரசு நிலம் வேண்டுமென்றால் மாநிலம்.

இந்த மூன்றில் நாம் நேரடியாக ஓட்டுப் போடாதது ஊராட்சிக்கு மட்டும்தான். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்குத் தலைவர் தவிர 8 முதல் 24 பேர் வரை. அப்படியென்றால் நிலம், ஊராட்சி இரண்டுக்கும் வழி நம் சட்டமன்ற ஓட்டில்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் தெரியும், சட்டமன்ற உறுப்பினர் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்ல வரல. 18 வயதில் ஓட்டு தானாக வந்துவிடுகிறது, அது எந்தக் கதவைத் திறக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கணும்.

நான் படிப்பது மின்பொறியியல். வீட்டில் விளக்கு எரியலன்னா எந்த சர்க்யூட்டில் பழுது என்று முதலில் பார்ப்போம். கண்ட பியூஸையும் கழற்ற மாட்டோம். மகஜரும் அப்படித்தான்.

எங்கள் மனு இப்போது நிலப் பணிமனையில் இருக்கிறது. பட்டா இன்னும் வரவில்லை. ஆனால் கோப்பு எண் இருக்கிறது, மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறோம். வீணாகப் போன அந்த 4 மாதம் உங்களுக்கும் வேண்டாம்.

கிளை வகுப்பில் செய்ய:
- உங்கள் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? நிர்வாகத்திடம் கேளுங்கள்.
- உங்கள் சட்டமன்ற உறுப்பினர் யார்? உங்கள் பகுதிக் கழக உறுப்பினர் யார்?
- உங்கள் ஊர் சுடுகாட்டை யார் பராமரிக்கிறார்கள்?

பதிலை எழுதி வையுங்கள். அடுத்த மகஜரை எங்கே கொடுப்பது என்று அது சொல்லும்.