குடோனுக்கு அடியில் பெருச்சாளி: விரட்டும் முறையும் விலக்க வேண்டிய தவறுகளும்



"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. அந்த வளையை அது நமது குடோனுக்கு அடியில் அமைத்துக்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கடைக்குப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு மூட்டை அடுக்கும் பழக்கம் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிகளில் நம்மில் பலருக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். நான்கு நாள் தொடர் மழை. காலையில் கொட்டகையைத் திறந்தபோது துவரம்பருப்பு அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சுமை தூக்கும் ஆள் மேல்மூட்டையை எடுக்கக் கால் வைத்ததும் சிமெண்ட் தரை உடைந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. உடைந்த இடத்தில் பார்த்தால் தரைக்கு அடியில் மண்ணே இல்லை. பெருச்சாளி தோண்டித் தோண்டி மண்ணையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது. தின்ற பருப்பு சில மூட்டைதான். தரையும் சுவரும் போட்ட செலவு அதைப்போல் பல மடங்கு.

எதிரியை அறிதல்

கடைக்கு வரும் எலிகள் எல்லாம் ஒன்றல்ல. சுண்டெலி சிறியது; பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும். வீட்டெலி கூரையிலும் உத்தரத்திலும் ஏறித் திரியும். தரைக்கு அடியில் வளை தோண்டுவது பெருச்சாளி இனம். நம் பக்கத்தில் பெருக்கான் என்றும் சொல்வோம். இவ்வினத்தில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. வயல் வரப்பைக் குடைவதும் தானியக் கிடங்கைக் குடைவதும் பெரும்பாலும் சிறிய வகையே. கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இந்தச் சிறிய வகையைப் பற்றி ஸ்பில்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1968இல் நூலாக வந்தது. ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல.

மூஞ்சூறு வேறு. நீண்ட மூக்கும் நாற்றமும் உடைய அது எலி இனமே அல்ல, பூச்சிகளைத் தின்பது. அதைக் கொல்ல மெனக்கெட வேண்டியதில்லை.

பெருச்சாளியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றில் பல குட்டிகள். இன்று இரண்டு என்று அலட்சியமாக இருந்தால் ஆறு மாதத்தில் ஒரு கூட்டமே இருக்கும்.

நாங்கள் செய்த மூன்று தவறுகள்

முதல் தவறு, வளைக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. பெருச்சாளி வேறு வாய் வழியாக வெளியேறிவிட்டது. ஊறிய மண் இறங்கி, சுவரில் விரிசல் விட்டது.

இரண்டாம் தவறு, உள்ளே எலி இருக்கும்போதே வளை வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தது. இரண்டே இரவில் அடுத்த முழத்தில் புதிய வாய் திறந்துவிட்டது.

மூன்றாம் தவறுதான் இன்று நினைத்தாலும் நெஞ்சைப் பதற வைப்பது. விஷம் கலந்த பொரிகடலை உருண்டைகளைக் கொட்டகை ஓரம் வைத்தோம். சுமை தூக்குபவரின் நான்கு வயதுக் குழந்தை தந்தைக்குச் சோறு கொண்டுவந்த தாயுடன் வந்தது. திரும்பிப் பார்த்தபோது உருண்டை அதன் கையில், கை வாய்க்கு அருகில். ஓடிப்போய்த் தட்டிவிட்டோம். ஒரு நொடி தாமதித்திருந்தால் நாங்கள் யார் முகத்தில் விழித்திருப்போம்?

சரியான வரிசை

1. கணக்கெடுத்தல்: வளை வாய்கள் அனைத்தையும் மாலையில் மண்ணோ கசக்கிய காகிதமோ வைத்து லேசாக மூட வேண்டும். காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே குடியிருப்பு உள்ளவை. வளைக்குள் கையை விடவே கூடாது. எலி வளையில் பாம்பு குடியேறுவது வழக்கம். பாம்பைக் கண்டால் அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். எலி தின்னும் சாரைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது.

2. இரையையும் இருப்பிடத்தையும் எடுத்தல்: இதுவே முக்கியம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் அரை அடி உயரத்தில் அடுக்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஆள் நடக்க இரண்டடி விட வேண்டும். சிந்திய தானியத்தை மறுநாளைக்கு விடாமல் அன்று மாலையே கூட்ட வேண்டும். ஒழுகும் குழாயைச் சரி செய்ய வேண்டும். நம் ஊருக்கே உரிய இன்னொன்று பனியன் வேஸ்ட். குடோன் மூலையில் போட்டுவைத்த கட்பீஸ் மூட்டை பெருச்சாளிக்குப் பஞ்சு மெத்தை. எங்கள் தரையைத் தோண்டியபோது கிடைத்த கூடு முழுவதும் வெள்ளைப் பனியன் துணிதான்.

3. பொறி வைத்தல்: பலமான கம்பிக் கூண்டுப் பொறியே ஏற்றது. புதிய பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம். எனவே முதல் மூன்று இரவு பொறியை மாட்டாமல், தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துத் தின்னவிட வேண்டும். நான்காம் இரவு மாட்டினால் விழும். சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எலி சுவர் ஓரமாகவே ஓடும். கையுறை அணிந்தே பொறியைத் தொட வேண்டும்.

4. அடைத்தல்: ஒரு வாரம் எந்த வாயும் திறக்காதபோதுதான் அடைக்க வேண்டும். வளையைத் தோண்டி, கருங்கல் ஜல்லியும் சிமெண்ட்டும் இட்டு நிரப்ப வேண்டும். பிறகு சுவரை ஒட்டி வெளிப்புறம் இரண்டடி ஆழம் தோண்டி, அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பி வலையை இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடக்கி மண் மூட வேண்டும். சுவரோரம் தோண்டி வரும் பெருச்சாளி வலையில் முட்டி நின்றுவிடும். கதவின் அடியில் தகரம் அடித்து இடைவெளியைக் கால் அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும். சாக்கடை வாய்க்கு இரும்புச் சல்லடை போட வேண்டும்.

விஷம் பற்றி ஒரு சொல்

மேற்சொன்ன நான்கும் செய்யாமல் விஷம் மட்டும் வைத்தால், செத்த எலியின் இடத்துக்குப் பக்கத்துக் கொட்டகை எலி வந்துவிடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940களில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின: இரையும் இருப்பிடமும் இருக்கும் வரை எலித்தொகை மீண்டும் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது.

தேவைப்பட்டால் புரோமடியலோன் 0.005 சதவீதக் கட்டி உள்ளது. இரத்தம் உறையாமல் செய்து சில நாட்களில் கொல்லும். இதற்கு முறிவாக வைட்டமின் கே மருத்துவரிடம் உண்டு. அதையும் பூட்டிய பெட்டிக்குள், எண்ணிக்கை குறித்துத்தான் வைக்க வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வளையில் போடாதீர்கள். ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறித் தரை விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போகும். பயிற்சி பெற்றவர்கள் தவிர மற்றவர் கையாளச் சட்டத்தில் இடமில்லை. நம்மில் பலருக்குக் கொட்டகையும் வீடும் ஒரே சுவர்தானே! 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தினால் ஒரே குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தது நாளிதழ்களில் வந்த செய்தி.

இன்னொன்றை நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பற்பசை போன்ற குழாயில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை ஒரு காலத்தில் நாம் எல்லோரும் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு விற்றோம். அது கல்லீரலை அழிக்கும். முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. பழைய சரக்கு பரணில் கிடந்தால் "சும்மா கிடக்கட்டும்" என்று விடாதீர்கள். கேட்டு வருபவர் எலிக்குத்தான் கேட்கிறாரா என்பது நமக்குத் தெரியாது.

உடல்நலமும் சட்டமும்

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலுடன் நடப்பதால் எலிக்காய்ச்சல் வரலாம். மழைக்காலத்தில் குடோனைக் கழுவும் ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். எலி உள்ள இடத்தில் வேலை என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். எலி கடித்த மூட்டையைச் சலித்து விற்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறைகள், உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் எலி, பூச்சி புகாமல் காப்பதை நமது கடமையாக்கியுள்ளன.

வலை போட்டு அடைத்த பின் எங்கள் கொட்டகையில் இன்றுவரை புதிய வளை இல்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கிறோம். புதிதாகத் தள்ளிய மண் ஒரு கைப்பிடி தெரிந்தாலும் அன்றே கவனிக்கிறோம். உங்கள் கொட்டகைக்கும் பக்கத்துக் கடைக்காரர் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே நாளில் வேலையைத் தொடங்குங்கள். ஒருவர் விரட்டி மற்றவர் வைத்துக்கொண்டால் பயனில்லை. அந்தத் தெருவில் தந்தைக்குச் சோறு கொண்டுவரும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை மறவாமல் செய்யுங்கள்.