ஒரே நிதியம், இரண்டு பெட்டிகள்



வெள்ளிக்கிழமைகளிலும் நோன்பு காலத்திலும் கடை வாசலில் நாம் கொடுக்கும் சில்லறையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஐம்பதும் நூறுமாகப் போய்விடும். வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் சிறிய கடைக்காரர் ஒருவரே கணிசமான தொகையைக் கொடுத்திருப்பார். கொடுத்தவருக்கு நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்தப் பணத்தால் ஒரு குடும்பமாவது அடுத்த வருடம் கை நீட்டாமல் இருக்கிறதா? இந்த வாரம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு திருகோணமலை நகரில் வியாபாரம் செய்பவன் என்ற முறையில் இரண்டு வகையினரை அடிக்கடி காண்கிறேன். ஒருவர் சிறு வியாபாரி. மீன், மரக்கறி, பிடவை என்று ஏதோ ஒன்றை விற்பவர். தொழில் தெரியும், வாடிக்கையாளர் உண்டு, முதல் இல்லை. நாள் வட்டிக்குப் பணம் எடுத்து, இலாபத்தை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வீடு போகிறார். மற்றவர் மாணவர். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும், பஸ் காசுக்கும் ரியூஷன் காசுக்கும் வழியில்லாமல் உயர்தரத்தை விட்டுவிட்டுக் கடையில் நிற்க வருகிறார். 2022 நெருக்கடி இருவரையும் மேலும் தள்ளியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பெரிய வியாபாரியே வங்கிக்குப் போகத் தயங்கினார் என்றால் சிறியவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

இருவருக்கும் உதவ ஊருக்கு ஒரு நிதியம் போதும். ஆனால் அதற்குள் இரண்டு பெட்டிகள் இருக்க வேண்டும்.

நமக்கு முன் செய்தவர்கள்

கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். நமது கிழக்கு மாகாணப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியிருப்பதை நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கிவைத்தார். தனியொருவர் தன் பையில் இருந்து கொடுக்கும் தர்மம் அவரோடு நின்றுவிடும். நிதியம் என்றால் ஆள் மாறினாலும் வேலை நடக்கும். அவர் தந்த பாடம் இதுதான்.

பேருவளையின் இரத்தினக்கல் வியாபாரி நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். பெரிய படிப்புப் படிக்காத ஒரு வியாபாரியின் பணம், அவர் 2005இல் வபாத்தான பின்பும் படித்தவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

நாடறிந்த மஹாபொல புலமைப்பரிசிலும் வர்த்தகத்தோடு பிறந்ததே. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானத்தை மாணவர் பக்கம் திருப்பினார். 1981இல் அதற்கென நம்பிக்கை நிதியச் சட்டம் வந்தது.

வியாபாரிக்கான உதவிக்கு லாகூரைப் பார்க்கலாம். 2001இல் டொக்டர் அம்ஜத் ஸாகிப் அங்கு 'அகுவத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலாவது கடன் ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்த 10,000 பாகிஸ்தான் ரூபா. வட்டி இல்லை. கடன் வழங்கும் நிகழ்வைப் பள்ளிவாசல்களில் நடத்தினார்கள். கிறிஸ்தவ ஆலயங்களிலும் நடத்தினார்கள். சபையின் முன் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க மனம் இடம் கொடுப்பதில்லை. கடனை அடைத்துத் தலை நிமிர்ந்த பலர் பின்னர் தாங்களே நன்கொடை கொடுப்பவர்களானார்கள். 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 40 வியாபாரிகள் மாதம் 2,500 ரூபா வீதம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஓர் இலட்சம். பாதி கடன் பெட்டிக்கு, பாதி மாணவர் பெட்டிக்கு.

கடன் பெட்டியில் இருந்து மாதம் ஒருவருக்கு 50,000 ரூபா. மாதம் 5,000 வீதம் பத்து மாதத்தில் திருப்ப வேண்டும். சந்தாப் பணத்தால் மட்டும் வருடத்தில் 12 பேருக்குக் கடன். ஒழுங்காகத் தவணை வந்தால் அதே வருடத்தில் 3,25,000 ரூபா திரும்பி வரும். அதில் இன்னும் 6 பேருக்குக் கொடுக்கலாம். ஆக, 6 இலட்சம் போட்டு 18 பேர் பயன் பெறுவார்கள். பணமும் அழியாது, ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாணவர் பெட்டி அப்படியல்ல. கொடுத்தால் திரும்பாது, அடுத்த மாதமும் கொடுத்தாக வேண்டும். மாதம் 5,000 வீதம் 10 மாணவருக்குக் கொடுத்தால் 50,000மும் தீர்ந்துவிடும். அடுத்த வருடம் புதிதாக 10 பேர் வந்தால் எங்கே போவது? உயர்தரம் இரண்டு வருடப் படிப்பு. ஆகவே முதல் வருடம் 5 பேரை மட்டும் எடுங்கள், இரண்டாம் வருடம் இன்னும் 5 பேர். முதல் வருடத்தில் மிஞ்சும் 3 இலட்சம் இருப்பில் இருக்கட்டும். நடுவழியில் கைவிடப்பட்ட மாணவனுக்கு, உதவி கிடைக்காத மாணவனை விட மனம் அதிகம் உடையும்.

ஒரு மாதம் மாணவர் பெட்டியில் குறைந்தால் கடன் பெட்டியில் கை வைக்கத் தோன்றும். அங்கேதான் நிதியம் விழ ஆரம்பிக்கும். வியாபாரத்தில் முதலை எடுத்து வீட்டுச் செலவு செய்தால் கடை என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா?

கவனிக்க வேண்டியவை

1. கடனை எழுத்தில் வையுங்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதுவதையும் சாட்சி வைப்பதையும் பற்றியே பேசுகிறது. அதற்கு முன் 280ஆவது வசனம் கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே விதிகளை எழுத வேண்டும்.

2. "கடன் எடுத்தவர் மாணவர் பெட்டிக்கு நன்கொடை தர வேண்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள். கடனுக்கு மேல் நிபந்தனையாக வாங்குவது வட்டியாகிவிடும். விரும்பித் தந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

3. ஸகாத் பணத்தை இந்த இரண்டோடும் கலக்காதீர்கள். அதற்குரியவர்கள் எட்டுப் பிரிவினர். அதைக் கடனாகக் கொடுக்கலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

4. பதிவு அவசியம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பெரிதாக வளரும் எண்ணம் இருந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். பொதுமக்களிடம் வைப்புப் பணம் ஏற்காதீர்கள். அதற்கு வேறு சட்டமும் அனுமதியும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் அமைப்பொன்றின் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற கேள்வி எந்த நேரத்திலும் வரலாம். உள்ளூர்ப் பணம், வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், வருடாந்தக் கணக்காய்வு ஆகியவையே அதற்குப் பதில்.

5. தெரிவுக் குழுவில் இருப்பவரின் உறவினர் விண்ணப்பித்தால் அவர் அன்றைய கூட்டத்தில் இருக்கக் கூடாது. மொத்தக் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். உதவி பெற்றவரின் பெயரை ஒட்டாதீர்கள்.

6. பக்கத்துக் கடைத் தமிழ் சகோதரரோ சிங்கள சகோதரரோ கடன் கேட்டு வந்தால் கதவை மூடாதீர்கள். திருகோணமலைச் சந்தையில் நாம் ஒருவரிடம் ஒருவர் வாங்கி விற்றுத்தான் வாழ்கிறோம். கலவரக் காலத்தில் நமது கடையின் பூட்டுக்கு அயலவரின் நல்லெண்ணமே காவல்.

நாற்பது பேர் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் உட்கார்ந்து, ஒரு கொப்பியில் இரண்டு பக்கங்களைத் திறந்தால் போதும். ஒரு பக்கத்தில் திரும்பி வர வேண்டிய பணம், மறு பக்கத்தில் திரும்பாத பணம். நாள் வட்டியில் இருந்து விடுபட்ட முதலாவது வியாபாரியையும், கடையில் நிற்காமல் உயர்தர வகுப்புக்குப் போன முதலாவது பிள்ளையையும் கண்டால், மீதி முப்பது பேரும் தாமாகவே வந்து சேருவார்கள்.