விளாம்பழ அறுவடை – ஓடும் வீணாக வேண்டாம்

வரப்பு ஓரத்திலும் ஊர்ப் பொது இடத்திலும் யாரும் உரமிடாமல், நீர் பாய்ச்சாமல் வளர்ந்து நிற்கும் மரம் விளா. ஐப்பசி பிறந்ததும் அதன் காய்கள் முற்றத் தொடங்கும். பங்குனி வரையில் பழம் கிடைக்கும். ஆனால் இந்த ஆறு மாத அறுவடையில் நம் வீட்டுக்கு வந்து சேருவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மனம் வருந்த வேண்டியுள்ளது. ஒரு பங்கு பிஞ்சிலேயே அடித்து உதிர்க்கப்படுகிறது. ஒரு பங்கு கீழே விழுந்து பிளந்து பூசணம் பிடிக்கிறது. மீதியை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்து விடுகிறோம். ‘வருமானம் இல்லாத மரம்’ என்று முடிவு கட்டி, விறகுக்கு வெட்டிவிடுவோரும் உண்டு.

உழவர் பெருமக்களே! விளா மெதுவாக வளரும் மரம். விதையிலிருந்து வளர்ந்த விளா காய்ப்புக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடிக்கும். அரை நாளில் வெட்டிச் சாய்க்கும் மரத்தை மீண்டும் பெற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். எனவே வெட்டுவதற்கு முன், அதன் பழம், ஓடு, பிசின் ஆகியவற்றை எவ்வாறு முழுமையாகப் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விளாவின் உறவினர்கள்

ஆங்கிலத்தில் இதற்கு ‘உட் ஆப்பிள்’, அதாவது மர ஆப்பிள் என்று பெயர். ஆயினும் ஆப்பிளுக்கும் இதற்கும் உறவு இல்லை. ஆப்பிள் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. விளாவோ எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பம். விளா இலையைக் கசக்கி முகர்ந்தால் இந்த உறவு விளங்கும். தாவர நூலார் இதனை ‘லிமோனியா அசிடிசிமா’ என்று அழைக்கின்றனர். இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வறண்ட கோடையும் மழைப் பருவமும் மாறி மாறி வரும் நிலங்களில் நன்கு வளரும். ஆகவே நமது மானாவாரிப் பகுதிகளுக்கு ஏற்ற மரம் இது.

பெரிய காயும் இனிப்பும் உடைய மரம் ஒரு வகை. சிறிய காயும் கடும் புளிப்பும் உடைய மரம் மற்றொரு வகை. உங்கள் ஊரில் எந்த மரம் எந்த வகை என்பதை இந்தப் பருவத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு வகை நேரடி விற்பனைக்கும் பானகத்திற்கும் ஏற்றது. புளிப்பு வகையைத் துவையலுக்கும் ஜெல்லிக்கும் ஒதுக்கலாம்.

எப்போது பறிக்க வேண்டும்?

ஆவணியில் விநாயகர் சதுர்த்தியின்போது விளாம்பழம் கேட்டு வாங்குவார்கள். அப்போது மரத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை முற்றாத காய்களே. பண்டிகை விற்பனைக்குத் தேவையான அளவு மட்டும் பறித்துக்கொண்டு, மற்றவற்றை மரத்திலேயே விட்டுவைக்க வேண்டும். ஒரு நாள் விலைக்காக மரத்தையே காலி செய்தால் ஆறு மாதப் பருவமும் கைவிட்டுப் போகும்.

முற்றிய காயைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காயை ஒரு அடி உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விழவிட வேண்டும். பந்துபோல் எழும்பினால் அது முற்றவில்லை. எழும்பாமல் அப்படியே நின்றால் முற்றிய காய். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஓரிரு காய்களை எடுத்து இவ்வாறு சோதித்த பின்னர் பறிக்கத் தொடங்குங்கள்.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கழியால் அடிக்கக் கூடாது. காய் பிளப்பதோடு அடுத்த பருவத்திற்கான சிறு கிளைகளும் முறியும். தொரட்டியின் நுனியில் சிறு வலைப்பை கட்டிப் பறிக்கலாம்.

2. விளாக் கிளைகளில் முள் உண்டு. மரம் ஏறுபவர் கை, கால்களை மூடிக்கொள்ள வேண்டும்.

3. தானாக விழும் பழம் அடிபடாமல் இருக்க, மரத்தடியைச் சுத்தம் செய்து வைக்கோல் பரப்பி வைக்கலாம். தினமும் காலையில் பொறுக்கி எடுக்க வேண்டும்.

4. துளை விழுந்த காய்களை மரத்தடியில் விட்டுவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் புழு வெளிவந்து பெருகும். அவற்றைத் திரட்டி அழித்துவிட வேண்டும்.

பழுக்க வைத்தலும் தரம் பிரித்தலும்

பறித்த முற்றிய காய்களை வெயில் படும் இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சுமார் 2 வாரம் வைத்தால் நன்கு பழுக்கும். மழை நாளில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பழுத்ததும் ஓட்டைத் தாண்டி மணம் வீசும். சதை பழுப்பு நிறம் அடைந்து குழைந்திருக்கும்.

பின்னர் மூன்று வகையாகப் பிரியுங்கள். ஓடு முழுமையாக உள்ள பெரிய பழங்கள் விற்பனைக்கு. ஓடு முழுமையாக உள்ள சிறிய பழங்கள் வீட்டுத் தயாரிப்புக்கும் ஓட்டு வேலைக்கும். புதிதாக விரிசல் விட்டவை அன்றைக்கே சமையலுக்கு. விரிசல் வழியே பூசணம் புகுந்த பழத்தில் கெட்ட பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியை உண்ணக் கூடாது. அதனை எருக்குழியில் இட்டுவிடுங்கள்.

பழத்தின் சத்து

விதையோடு கூடிய 100 கிராம் விளாம்பழச் சதையில் ஏறத்தாழ 134 கலோரி வெப்பசக்தியும், 7 கிராம் புரதமும், 130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 110 மில்லிகிராம் பாஸ்பரசும் உள்ளன. பழ வகைகளில் இத்தனை புரதமும் சுண்ணாம்பும் காண்பது அரிது. வைட்டமின் ‘சி’ மட்டும் குறைவு. அதற்கு நெல்லியும் கொய்யாவும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு மாலை வேளையில் வெல்லம் கலந்த விளாம்பழம் கொடுப்பது நல்ல பழக்கம்.

இல்லத்தரசியருக்கு: ஐந்து தயாரிப்புகள்

புளிப்பு மிகுந்த பழம் ஆகையால் எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் கூடாது.

விளாங்காய்த் துவையல்: முற்றிய, பழுக்காத காய் ஒன்றின் சதையை எடுத்துக்கொள்ளவும். காய்ந்த மிளகாய் 4, உளுத்தம் பருப்பு 2 தேக்கரண்டி, சிறிது பெருங்காயம் ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து, உப்பும் காயின் சதையும் சேர்த்து அரைக்கவும். இதற்குப் புளி தேவையில்லை.

விளாம்பழப் பச்சடி: பழம் ஒன்றின் சதையை நார் நீக்கிப் பிசையவும். 75 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கலக்கவும். சிட்டிகை உப்பு சேர்த்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டவும்.

விளாம்பழப் பானகம்: ஒரு பெரிய பழத்தின் சதையைக் காய்ச்சி ஆறிய 4 டம்ளர் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டவும். 100 கிராம் வெல்லம், சிறிது சுக்குப் பொடி, ஏலக்காய் சேர்க்கவும். அன்றைக்கே பருகிவிட வேண்டும்.

விளாம்பழ ஜெல்லி: இதில் பெக்டின் என்னும் உறையவைக்கும் பொருளும் புளிப்பும் இயற்கையாகவே இருப்பதால் ஜெல்லிக்கு மிகவும் ஏற்ற பழம். ஒரு கிலோ சதைக்கு 2 லிட்டர் நீர் சேர்த்து, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவைக்கவும். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, சாறு தானே வடியும்படி விட வேண்டும். துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். வடிந்த சாற்றைத் தெளியவைத்து, ஒரு லிட்டருக்கு 750 கிராம் சர்க்கரை வீதம் சேர்த்துக் கொதிக்கவிடவும். கரண்டியில் எடுத்துச் சிறிது ஆறவிட்டுச் சாய்க்கும்போது, சொட்டுச் சொட்டாக விழாமல் தகடுபோல் ஒன்றுசேர்ந்து வழிந்தால் அதுவே இறக்கும் பதம். கொதிநீரில் இட்டெடுத்து உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் சூடாக ஊற்றி மூட வேண்டும். புளிப்பு மிகையாகத் தோன்றினால் பாதிக்குப் பாதி கொய்யாச் சாறு சேர்க்கலாம்.

விளாம்பழத் தட்டு: வேகவைக்காத சதையைச் சல்லடையில் தேய்த்து விதை, நார் நீக்கவும். ஒரு கிலோ சதைக்கு 400 கிராம் பொடித்த வெல்லம் கலந்து, நெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஈ மொய்க்காதபடி மெல்லிய துணி மூடி வெயிலில் உலர்த்தவும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் துண்டுகள் இட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். சல்லடையில் தங்கிய விதையை எறிய வேண்டாம். கழுவி நாற்றங்காலில் விதைக்கலாம்.

பழமாக விற்றால் அன்றைய சந்தை விலைதான். ஜெல்லியாகவும் தட்டாகவும் மாற்றினால், வரத்து மிகுந்த நாளில் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்தால் அடுப்பு, பாத்திரச் செலவு பகிர்ந்துபோகும். ஆனால் விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தயாரித்த நாளும் சேர்த்த பொருள்களும் புட்டியின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஓட்டில் கைவேலை

விளா ஓடு மரம் போன்று கடினமானது. முற்காலத்தில் பொடி டப்பியாகவும் சிறு சிமிழாகவும் பயன்பட்டது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பெரியவர் துணையோடு இந்த வேலையைச் செய்யலாம்.

1. விரிசல் இல்லாத பழத்தைக் காம்பிலிருந்து கால் பங்கு தூரத்தில் சிறு இரும்பு ரம்பத்தால் வட்டமாக அறுக்கவும். ரம்பத்தைப் பெரியவரே பிடிக்க வேண்டும். பழம் உருளாமல் இருக்க மணல் நிரப்பிய சாக்கின் மேல் வைத்து அறுக்கலாம்.

2. சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, ஓட்டை ஒரு நாள் நீரில் ஊறவைத்துச் சுரண்டவும்.

3. நிழலில் ஒரு வாரம் உலர்த்தவும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கக்கூடும்.

4. உப்புத்தாள் கொண்டு உள்ளும் புறமும் தேய்த்து, எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசவும்.

மேல்பகுதி மூடியாகும். குங்குமச் சிமிழ், உண்டியல், பொத்தான் டப்பி எனப் பலவாறு செய்யலாம். வார்னிஷ் பூசியவற்றில் உண்ணும் பொருளை வைக்கக் கூடாது. எண்ணெயும் வார்னிஷும் பூசாத சிமிழில் நன்கு உலர்ந்த கத்தரி, மிளகாய், கீரை விதைகளைச் சிறிது வேப்பிலைத் தூளுடன் அடுத்த பருவம் வரை வைத்திருக்கலாம். உடைந்த அரை ஓடுகளின் அடியில் துளையிட்டு மண் நிரப்பினால், பப்பாளி, தக்காளி நாற்று வளர்க்கும் கிண்ணமாகும்.

மரத்தில் வடியும் விளாம்பிசினையும் சேகரிக்கலாம். கருவேலம் பிசினைப் போல நீரில் கரைந்து ஒட்டும் தன்மை உடையது. முன்பு மையும் நீர்வண்ணமும் தயாரிக்கப் பயன்பட்டது. தானாக வடிவதை மட்டும் எடுங்கள். பிசினுக்காக மரத்தைக் கொத்திக் காயப்படுத்தினால் காய்ப்புக் குறையும்.

தெரிந்து மகிழுங்கள்

‘யானை உண்ட விளங்கனி போல’ என்பது நம் பழமொழி. வெளியே முழுமையாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாததைக் குறிக்கும். யானை விழுங்கிய பழத்தின் ஓடு உடையாமல் வெளிவந்து, சதை மட்டும் மறைந்திருக்கும் என்பது மக்கள் வழங்கும் விளக்கம். ‘வேழம்’ என்பது விளாம்பழத்தின் உள்ளீட்டைப் போக்கும் ஒரு நோயின் பெயர் என்று வேறு விளக்கம் கூறுவோரும் உண்டு. இந்த மரத்தின் பழைய தாவரப் பெயர்களில் ஒன்றான ‘ஃபெரோனியா எலிஃபன்டம்’ என்பதிலும் யானை இருக்கிறது!

தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளத்தின் பெயரிலும் விளா இருக்கிறது. உங்கள் ஊரின் காட்டுப் பெயர்களிலும் விளா இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கையில் சிங்கள மக்கள் இதனைத் ‘திவுல்’ என்பர். சர்க்கரை சேர்த்த திவுல் பானம் அங்கே விரும்பி அருந்தப்படுகிறது.

அடுத்த மரம்

அறுவடை நாளே தாய் மரத்தைத் தேர்ந்தெடுக்க ஏற்ற நாள். காய் பெரிதாகவும், சதை இனிப்பாகவும், ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும் மரத்திற்குச் சுண்ணாம்பால் அடையாளம் இடுங்கள். விதைக் கன்று தாயைப் போலவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; காய்க்கவும் நாளாகும். விதைக் கன்றில் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டி நட்டால் தாய் மரத்தின் குணம் கிடைக்கும்; மரம் குட்டையாக இருந்து விரைவில் காய்க்கும். மழைப் பருவத் தொடக்கத்தில் மரத்திற்கு மரம் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி விட்டு நட்டு, முதல் இரண்டு கோடைகளில் மட்டும் நீர் ஊற்றி, ஆடுகளிடமிருந்து காக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் மூன்று எண்களை மட்டும் எழுதி வாருங்கள்: பறித்த பழம், விற்ற அல்லது வீட்டில் பயன்படுத்திய பழம், வீணான பழம். பங்குனியில் கூட்டிப் பார்த்தால் உங்கள் விளா மரம் வருமானம் தராத மரமா, அல்லது நாம்தான் அதன் வருமானத்தைச் சிதற விடுகிறோமா என்பது தெளிவாகத் தெரியும். அதன் பிறகு கோடரியைப் பற்றி முடிவு செய்யலாம்.