பயந்தால் விசுவாசம் இல்லையென்று அர்த்தமா?

கேள்வி: என் கணவருக்கு வேலை போய்விட்டது. வேதத்தைத் திறந்தாலும் மனம் பதியவில்லை. இப்படிப் பயப்படுவது அவிசுவாசமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை, சகோதரி. பயத்தை மறைக்காமல் தேவனிடம் கொண்டுபோவதும் விசுவாசம்தான். 13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனங்கள். ‘என்னை மறந்துவிட்டீரா’ என்ற முறையீட்டில் தொடங்கும் தாவீது, பாடலில் முடிக்கிறார். இடையில் அவர் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தையும் நிதானமாக வாசியுங்கள். பல நாள் சூரியனோ நட்சத்திரமோ தெரியாத புயல். கப்பலில் 276 பேர். பதினான்காம் நாள் விடியற்காலையில், கரை சேருமுன்பே, பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் சொல்லிப் புசிக்கிறார். கப்பல் உடையும் என்பது அவருக்குத் தெரியும். ஓர் உயிரும் போகாது என்ற தேவவாக்கை அவர் நம்பினார். அதைக் கண்டு மற்றவர்களும் திடன்கொண்டு சாப்பிட்டார்கள்.

அதிகாரம் அதிகாரமாகப் படிக்க இப்போது முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இரவு ஜெபத்தில் ஒரே ஒரு சங்கீதத்தைக் கணவரோடு சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வீட்டின் தேவைகளைச் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் கணவர் வேறு வேலை தேடட்டும். நீங்கள் இருவரும் தைரியமாயிருங்கள். கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார்.